கரையிலிருந்து கடலுக்கு வீச முதல் தூண்டில் கோல்: குறைந்த செலவில் சரியாகத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்துச் செசில் கடற்கரையில் நான் முதன்முதலாக வீசிப் பார்த்த தூண்டில் கோல் 14 அடி நீளமானது. தூண்டிலைக் கடலுக்குள் கொண்டுபோகக் கட்டும் ஈயக்குண்டில் 8 அவுன்ஸ் எடையையும் தாங்கும் என்று அதன் தண்டில் பொறித்திருந்தது. நீளமான கோல், கனமான ஈயம், ஆகவே அதிகத் தூரம் என்ற கணக்கில்தான் அதை வாங்கினேன். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி வீசியும் ஈயம் நாற்பது கஜத்தைத் தாண்டவில்லை. சற்றுத் தள்ளி நின்றிருந்த, எழுபது வயதுக்குக் குறையாத ஒரு பெரியவர், என்னுடையதைவிட இரண்டடி குட்டையான, பார்வைக்கு மெலிந்த ஒரு கோலால் அலட்டிக்கொள்ளாமல் அதைப்போல் இரு மடங்கு தூரம் வீசிக்கொண்டிருந்தார். என் கோலைக் கேட்டு வாங்கி ஒரே ஒரு முறை வீசிப் பார்த்துவிட்டு, “இந்தக் கோலை உங்களால் வளைக்க முடியவில்லை” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

கரையிலிருந்து வீசும் கோல் வில்லைப் போன்றது. ஈயத்தின் எடையும் வீசுகிறவரின் கைவேகமும் சேர்ந்து தண்டை வளைக்கின்றன. வளைந்த தண்டு நிமிரும்போதுதான் ஈயம் பறக்கிறது. நாணை இழுக்க முடியாத வில்லை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதிலிருந்து அம்பு போகாது. புதியவர் ஒருவர் கடையில் கேட்க வேண்டிய கேள்வி இந்தக் கோல் எவ்வளவு தூரம் வீசும் என்பதன்று. என் உடம்பாலும் நான் கட்டப்போகும் ஈயத்தாலும் இதை வளைக்க முடியுமா என்பதுதான். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

பிரிட்டனில் இவ்வகைக் கோலைப் ‘பீச்காஸ்டர்’ என்பார்கள். இங்கு குடியேறிய பிறகு கடல்மீன் பிடிப்பில் ஆர்வம் கொண்டவர்களை, குறிப்பாக ஊரில் கைத்தூண்டில் மட்டும் போட்டுப் பழகியவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கடைகளில் பணத்துக்கும் எடைக்கும் ‘பவுண்டு’ என்ற ஒரே சொல் வருவதால், குழப்பத்தைத் தவிர்க்க எடையைக் குறிக்கும் இடங்களில் நம் பழைய ‘இறாத்தல்’ என்ற சொல்லையே ஆள்கிறேன். தூண்டிலில் சுற்றும் நைலான் இழையை நரம்பு என்கிறேன். இலங்கைத் தமிழர் தங்கூசி என்று வாசித்துக்கொள்ளலாம்.

படி 1: மொத்தச் செலவை முதலில் வரையறுங்கள்

கோலுக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டுக் கடைக்குப் போனால், கையிலிருந்த எல்லாவற்றையும் கோலிலேயே செலவழித்துவிட்டு, நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலுக்கும் நரம்புக்கும் மிச்சமிருக்கும் சில்லறையைத் தேட நேரும். மொத்தமாக 150 பவுண்டு வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். என் பரிந்துரை, கோலுக்கு 60 முதல் 80 வரை, ரீலுக்கு 40 முதல் 50 வரை, எஞ்சியதை நரம்பு, ஈயம், முள், கோலைச் சாய்த்து வைக்கும் முக்காலி ஆகியவற்றுக்கு என்று பிரித்துக்கொள்வது.

கோல், ரீல், நரம்பு, முள் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய மலிவான தொகுப்புகளும் கிடைக்கும். அவற்றில் கோல் பெரும்பாலும் ஓரளவு பயன்படும். முதலில் கைவிடுவது ரீல்தான். உப்பு நீர் பட்ட சில வாரங்களில் அதன் கைப்பிடி நறநறக்கத் தொடங்கும். பெட்டியோடு வரும் நரம்பையோ முதல் நாளே எடுத்துப் போட்டுவிட்டுப் புதியது சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே தொகுப்பு மலிவு என்று தோன்றினாலும் தனித்தனியாக வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம்.

படி 2: எந்தக் கரையில் நிற்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே கோலுக்குப் போகிறவர்களே அதிகம். ஆனால் ஒரு கரைக்குப் பொருந்தும் கோல் இன்னொரு கரையில் வெறும் சுமையாகிவிடும்.

செசில் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள கூழாங்கல் கரை. மேற்கு முனையான வெஸ்ட் பே பக்கம் கற்கள் பட்டாணி அளவில் இருக்கும். கிழக்கே போர்ட்லாந்தை நெருங்க நெருங்கக் கைக்குள் அடங்கும் உருளைக்கிழங்கு அளவுக்குப் பெருத்துவிடும். அந்தக் காலத்துக் கடத்தல்காரர்கள் இருட்டில் கரையேறியதும் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அறிந்துகொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நமக்கு வேண்டிய செய்தி, அந்தக் கரை செங்குத்தாக இறங்குகிறது என்பது. அதனால் ஆழமான நீர் காலடியிலேயே இருக்கிறது; கோடையில் மெக்கரல் மீன் கூட்டம் கரையை ஒட்டியே வரும்; ஐம்பது அறுபது கஜ வீச்சே பல நாட்களில் போதும். (அதே செங்குத்தின் காரணமாகத் திரும்பும் அலை காலை இழுத்துவிடும். காற்று பலமாக வீசும் நாளில் நீர்விளிம்பில் நிற்காதீர்கள்.) கென்ட் மாவட்டத்து டஞ்சனஸும் இப்படிச் சரிந்திறங்கும் கூழாங்கல் கரைதான், ஆனால் அங்கே நீரோட்டம் வேகமானது. லேசான ஈயத்தைப் போட்டால் உருட்டிக்கொண்டு போய் அடுத்தவர் நரம்போடு சிக்க வைத்துவிடும். ஆகவே 5 அல்லது 6 அவுன்ஸ் ஈயத்தை வீசவல்ல கோல் தேவை.

வேல்ஸின் தென்மேற்கில் உள்ளவை போன்ற அகன்ற மணற்கரைகளில் நிலைமை வேறு. கடல் மெல்லச் சரிந்து ஆழமாகும்; நுரைத்து வரும் அலைகளுக்கு நடுவே, முழங்காலளவு நீரில்கூடப் பாஸ் மீன் இரை தேடி வரும். அங்கே 2 முதல் 4 அவுன்ஸ் வரை வீசும் 11 அல்லது 11½ அடிக் கோல் கையில் இருந்தால் அதுவே இன்பம். பாஸ் நம் கொடுவா மீனுக்குத் தோற்றத்தில் உறவு போலிருந்தாலும் வேறு இனம். 42 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாஸை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கையும் காலமும் அவ்வப்போது மாறுவதால் கிளம்புமுன் அரசின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

யார்க்‌ஷயரின் விட்பி போன்ற வடகிழக்குக் கரைகளில் அடித்தரை பாறையும் கெல்ப் என்னும் பெரும் கடற்பாசியுமாக இருக்கும். ஈயம் பாறையிடுக்கில் மாட்டுவதும், மீனைப் பாசிக்குள் நுழையவிடாமல் வலுவோடு இழுத்தெடுப்பதும் அங்கே வழக்கம். அதற்கென்றே தடித்த தண்டுள்ள கோல்களும் 25, 30 இறாத்தல் நரம்பும் பயன்படுகின்றன. பிரிஸ்டல் கால்வாய் எனப்படும் கடற்பகுதியிலோ சில நாட்களில் ஓதம் 14 மீட்டர்வரை ஏறி இறங்கும். அந்த நீரோட்டத்தில் மணலைக் கவ்வும் கம்பிக்கால் வைத்த ஈயம் இல்லாமல் எதுவும் நிற்காது. புதியவர்கள் இந்த இரண்டு வகைக் கரைகளையும் முதல் ஆண்டில் தவிர்ப்பது நல்லது. பொருளும் அதிகம் தொலையும், மனமும் தளர்ந்துவிடும்.

எங்கே போவோம் என்று இன்னும் தெரியாது என்பவர்கள், மணலும் கூழாங்கல்லும் கலந்த சாதாரணத் தென்கரையை மனத்தில் கொண்டு, அடுத்த இரண்டு படிகளில் நான் நடுத்தரமாகச் சொல்லும் கோலை வாங்கலாம்.

படி 3: நீளம்

12 அடி. கைப்பழக்கம் இல்லாத ஒருவருக்கு இதைத் தவிர வேறு நீளத்தைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. 13 அடிவரை போகலாம், உயரமும் தோள்வலுவும் இருந்தால்.

ஐரோப்பாக் கண்டத்துப் பாணியில் 4.2 மீட்டர், 4.5 மீட்டர் நீளத்தில் மூன்று துண்டுகளாக வரும் கோல்கள் இப்போது கடைகளை நிறைத்திருக்கின்றன. எடை குறைந்தவை, நுனி மிக மென்மையானவை, சிறு மீன் கொத்துவதையும் காட்டிக்கொடுப்பவை. ஆனால் நீளம் கூடக் கூட வீசும்போது கோலின் மறுமுனை எங்கே இருக்கிறது என்ற உணர்வு குறையும். பக்கவாட்டில் காற்று அடித்தால் கோல் கையை இழுக்கும். மேலும், மலிவு விலையில் அவ்வளவு நீளத்தை லேசாகச் செய்வது கடினமாதலால், விலை குறைந்த நீளக் கோல்கள் பெரும்பாலும் நுனி கனத்துத் தளர்ந்திருக்கும். அதே விலைக்கு 12 அடியில் நல்ல தண்டு கிடைக்கும்.

படி 4: தண்டில் எழுதியிருக்கும் வீச்செடையைப் படியுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே ‘4–6 அவுன்ஸ்’ என்றோ ‘100–200 கிராம்’ என்றோ எழுதியிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல். ஆகவே 4 அவுன்ஸ் 113 கிராம், 5 அவுன்ஸ் 142 கிராம், 6 அவுன்ஸ் 170 கிராம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களில் மூன்று நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, அது ஈயத்தின் எடை மட்டுமன்று. முள்ளில் கோத்திருக்கும் இரையும் சேர்ந்து பறக்கிறது. இரண்டு கடற்புழுக்கள் கோத்தால் பெரிதாக எதுவும் கூடாது. ஆனால் முழுக் கணவாய் ஒன்றைக் கட்டினால் இன்னும் இரண்டு அவுன்ஸ் ஏறிவிடும். 4–6 என்று எழுதிய கோலில் 6 அவுன்ஸ் ஈயமும் முழுக் கணவாயும் கட்டி முழுவேகத்தில் வீசுவது, மூன்று பேர் ஏறும் ஆட்டோவில் ஆறு பேர் ஏறுவதற்குச் சமம்.

இரண்டாவது, எழுதியிருக்கும் வரம்பின் இரு ஓரங்களையும் நம்பாமல் நடுப்பகுதியை நம்புங்கள். 4–6 கோல் 5 அவுன்ஸில்தான் நன்றாக நிமிரும். ‘3–8 அவுன்ஸ்’ என்று அகலமாக எழுதியிருந்தால், எல்லோருக்கும் விற்க நினைத்துச் செய்தது என்று கருதி அடுத்த கோலைப் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு நேர்ந்தது. பெரிய எண் பெரிய பலன் தரும் என்று நினைத்து 6–8 கோலை வாங்கிய புதியவர், பெரும்பாலும் 4 அல்லது 5 அவுன்ஸ் ஈயத்தையே கட்டுவார். அந்த எடை அந்தத் தண்டை அசைக்கவே செய்யாது. வளையாத கோலை வளைக்கத் தோளால் முட்டி வீசுவார்; மறுநாள் தோள் வலிக்கும்; ஈயம் முன்னால் விழுந்திருக்கும். பிரிட்டனின் பெரும்பாலான கரைகளுக்கும், வைட்டிங், காட், தட்டைமீன், டாக்ஃபிஷ் என்று வழக்கமாக மாட்டும் மீன்களுக்கும், 4–6 அவுன்ஸ் எழுதிய, நுனியிலிருந்து நடுப்பகுதிவரை வளைகின்ற 12 அடிக் கோல் போதுமானது. வீச்சுப் போட்டிகளில் 250 கஜத்துக்கு மேல் வீசுகிறவர்களின் கோலோ சுவர்போல் விறைப்பானது. அதை வளைக்க அவர்கள் ஊசல் வீச்சு என்னும் தனிக் கலையைப் பல ஆண்டு பயின்றவர்கள். தலைக்கு மேலாக நேராக வீசும் எளிய முறையில் எண்பது கஜம் எட்டினாலே பெரும்பாலான நாட்களில் மீன் இருக்கும் இடத்தை அடைந்துவிடலாம்.

படி 5: எதனால் ஆனது?

கண்ணாடியிழைக் கோல் கனமானது, சோம்பலாக நிமிர்வது, ஆனால் பாறையில் விழுந்தாலும் தாங்கும். கார்பன் கோல் லேசானது, விரைவாக நிமிர்வது. கல்லில் ஓர் அடி பட்டுக் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தால், என்றோ ஒரு நாள் வீசும்போது அந்த இடத்தில் படாரென்று முறியும். உங்கள் விலைக்குள் வருபவை பெரும்பாலும் இரண்டும் கலந்தவையே. அது குறையன்று, கற்கும் காலத்துக்கு அதுவே பொருத்தம். கடைக்காரர் ‘ஹை கார்பன்’ என்று சொல்வதைவிடக் கையில் எடுத்துப் பார்க்கையில் நுனி கனக்கிறதா என்பதே உங்களுக்குத் தேவையான தகவல்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அடியில் கோலை உயர்த்திக்கொண்டு நடப்பதும், இடி இடிக்கும்போது கரையில் நிற்பதும் உயிருக்கு ஆபத்து.

படி 6: ரீலையும் வளையங்களையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

கோலில் நரம்பு ஓடும் வளையங்களைப் பார்த்தே அது எந்த ரீலுக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஃபிக்ஸட் ஸ்பூல் எனப்படும் ரீல் கோலுக்குக் கீழே தொங்கும். நரம்பு அதிலிருந்து சுருள் சுருளாகப் பிரிந்து வருவதால், முதல் வளையம் பெரிதாகவும், மொத்த வளையங்கள் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். மல்டிப்ளையர் எனப்படும் ரீல் கோலுக்கு மேலே அமரும். நரம்பு நேராகப் போகும். ஆனால் கோல் வளையும்போது நரம்பு தண்டில் உரசாமல் இருக்க, சிறிய வளையங்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். ஒன்றுக்குச் செய்த கோலில் மற்றதைப் பூட்டினால் வேலை செய்யும், ஆனால் சரியாகச் செய்யாது.

புதியவர்களுக்கு ஃபிக்ஸட் ஸ்பூல்தான். மல்டிப்ளையரை ரசிப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். சுவீடனில் பிறந்த ஆபு 6500 வகை ரீல்களின் மேல் இந்நாட்டுக் கரைமீன்காரர்களுக்கு உள்ள பற்று சாதாரணமானதன்று. ஆனால் அதில் ஈயத்தைவிட நரம்பு சுற்றிய உருளை வேகமாகச் சுழன்றுவிட்டால், நரம்பு குருவிக்கூடு போலப் பின்னிக்கொள்ளும். நவம்பர் இரவில், விறைத்த விரல்களோடு, தலைவிளக்கு வெளிச்சத்தில் அந்தக் கூட்டைப் பிரிக்க உட்கார்ந்த அனுபவம் ஒரு முறை போதும்.

ரீலின் அளவு எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால் அவற்றை விட்டுவிட்டு, 0.35 மில்லிமீட்டர் நரம்பு 250 முதல் 300 மீட்டர்வரை கொள்ளுமா என்று மட்டும் பாருங்கள். அந்தத் தடிமன் ஏறத்தாழ 15 இறாத்தல் வலுவுடையது. உருளையின் விளிம்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் குறைய நிரப்புங்கள். குறைவாகச் சுற்றினால் நரம்பு விளிம்பில் உரசித் தூரம் குறையும்.

அடுத்து, ரீல் அமரும் இடம். கோலின் அடிமுனையை அக்குளில் செருகி, கையைக் கோலோடு சேர்த்து நீட்டுங்கள். உங்கள் விரல்கள் மூடிக்கொள்ளும் இடத்துக்கு அருகிலேயே ரீல் இருக்கை இருக்க வேண்டும். என்னைப் போல் ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ளவர்களுக்கு, நீளக் கோல்களில் இருக்கை எட்டாத உயரத்தில் இருப்பது வழக்கம். இரு கைகளும் அளவுக்கு மீறி விரிந்துவிட்டால் மேற்கை தள்ளுவதும் கீழ்க்கை இழுப்பதும் ஒன்றுசேராது. 12 அடி என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். திருகிப் பூட்டும் நிலையான இருக்கைக்குப் பதிலாக, நகர்த்தி வைக்கும் கவ்விகள் உள்ள கோல் கிடைத்தால், உங்கள் கையளவுக்கு ஏற்ப ரீலை மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

படி 7: எத்தனை துண்டு?

இரண்டு சம துண்டுகளாகப் பிரியும் 12 அடிக் கோல் சிறிய காரிலும் முன்னிருக்கையை ஒட்டிக் குறுக்காக அடங்கும். ரயிலில் போகிறவர்களுக்கு மூன்று துண்டு வசதி. ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் தொலைநோக்கிக் கோலை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். மணல் புகுந்தால் மடங்காது, வீச்சின் விசையில் ஏதாவது ஓர் இணைப்பு தளரும்.

படி 8: கடையில் சோதித்துப் பாருங்கள்

கடற்கரை ஊர்களில் உள்ள சிறிய தூண்டில் கடைகளுக்குப் போவதை நான் விரும்புவதற்குக் காரணம், அங்கே கோலைப் பூட்டிப் பார்க்கத் தயங்காமல் அனுமதிப்பார்கள். அந்தக் கரையில் இந்த வாரம் என்ன கடிக்கிறது என்பதும் கூடவே கிடைக்கும். இணையத்தில் ஐந்து பவுண்டு குறையலாம். ஆனால் திரையில் கோலை வளைத்துப் பார்க்க முடியாது.

இரண்டு துண்டுகளையும் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கி குறிபார்ப்பது போல அடியிலிருந்து நுனிவரை பாருங்கள். வளையங்கள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இணைப்பை லேசாக ஆட்டினால் ‘டக் டக்’ என்ற ஓசை வரக்கூடாது. ஒவ்வொரு வளையத்தின் பீங்கான் உள்பகுதியிலும் ஒரு பஞ்சுக்குச்சியைச் சுற்றித் தேயுங்கள். பஞ்சிழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, அது உங்கள் நரம்பை அறுக்கும். வளையக் கால்களை மூடியிருக்கும் நூற்கட்டின் மேல் பூச்சு வெடித்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

பிறகு முக்கியமான சோதனை. ரீலைப் பூட்டி நரம்பை எல்லா வளையங்களின் வழியாகவும் செலுத்தி, அதன் முனையைத் தரையோரமாகக் கடைக்காரரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோலை மெல்ல உயர்த்துங்கள். முதலில் நுனி வளைய வேண்டும். இன்னும் இழுத்தால் வளைவு நடுப்பகுதிவரை இறங்கி வர வேண்டும். அடிப்பகுதி உறுதியாக நிற்க வேண்டும். உங்கள் சாதாரண பலத்துக்கே வளைவு நடுப்பகுதியை எட்டினால், அது உங்கள் கோல். கை நடுங்கும் அளவுக்கு இழுத்தும் நுனி மட்டுமே தலையசைத்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நுனியைக் கையால் பிடித்து வளைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வீச்சில் ஒருபோதும் வராத கூர்மையான வளைவு அது. முறிந்தால் கடைக்காரர் உங்களிடம்தான் பணம் கேட்பார், அதில் நியாயமும் இருக்கிறது.

நுனிப்பகுதி வெள்ளையாகவோ ஒளிரும் நிறத்திலோ இருந்தால் இரவில் கடி தெரியும். குளிர்காலத்தில் நல்ல மீன்பிடிப்பு இருட்டிய பிறகே என்பதால், இதைச் சிறு விஷயமாக எண்ண வேண்டாம்.

படி 9: பழைய கோல் வாங்கலாமா?

தாராளமாக. இதில் புதியவர்கள் பெரும்பாலும் தயங்குகிறார்கள். ஆனால் 60 பவுண்டுக்குக் கிடைக்கும் புதிய கோலைவிட, அதே விலைக்கு வரும், முன்பு இரண்டு மடங்குக்கு மேல் விற்ற பழைய கோல் பல சமயம் மேலானது. டைவா, ஷிமானோ, பென், ஷேக்ஸ்பியர் என்று எந்த நிறுவனப் பெயர் பொறித்திருந்தாலும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, மேலே சொன்ன சோதனைகளையே செய்யுங்கள். கூடுதலாக இரண்டு. தண்டின் மேல் விரலை முழு நீளத்துக்கும் ஓட்டி, குழிவோ வெடிப்போ தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். ஒரு நாணயத்தால் தண்டை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள், ஓசை ஓரிடத்தில் திடீரென்று மந்தமானால் அங்கே உள்ளே கோளாறு இருக்கலாம். வளையம் உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம், சொற்பச் செலவில் மாற்றித் தருவார்கள். தண்டில் கோளாறு இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 10: எஞ்சிய பணத்தை எதில் போடுவது?

முதலில் ஷாக் லீடர் எனப்படும் தடித்த முன்நரம்பு. வீசும் கணத்தில் நரம்பின் மேல் விழும் விசை ஈயத்தின் எடையைப்போல் பல மடங்கு. 15 இறாத்தல் நரம்பு அதைத் தாங்காமல் அறுந்தால், ஐந்து அவுன்ஸ் ஈயம் துப்பாக்கிக் குண்டைப் போலப் பறக்கும். கூட்டமான கரையில் அதனால் உயிரே போகலாம். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 இறாத்தல் வலு என்பது இங்கு எல்லோரும் பின்பற்றும் கணக்கு; 5 அவுன்ஸுக்கு 50 இறாத்தல் நரம்பு. நீளம் கோலைப்போல் இரு மடங்கும், அதற்கு மேல் உருளையில் ஆறேழு சுற்றும் வர வேண்டும். 12 அடிக் கோலுக்கு ஏறத்தாழ ஒன்பது, பத்து மீட்டர். பெரிய உருளைச் சுருளாக வாங்கி வைத்தால் மலிவாக முடியும்.

அடுத்து ஈயம். சாதாரண ஈயம் நான்கும், மணலைக் கவ்விப் பிடிக்கும் கம்பிக்கால் ஈயம் நான்கும் எடுத்துக்கொள்ளுங்கள்; இழுக்கும்போது கம்பிகள் மடங்கிக்கொடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதற்குப் பிறகுதான் முக்காலி. ஊரில் கோலைக் கவைக்கம்பில் சாய்த்துப் பழகியவர்களுக்கு முக்காலி வீண்செலவாகத் தோன்றும்; கூழாங்கல்லில் கவைக்கம்பை ஊன்ற முயன்று பார்த்தால் எண்ணம் மாறும்.

கரையிலிருந்து கடல்மீன் பிடிக்க இங்கிலாந்தில் உரிமச்சீட்டு தேவையில்லை என்பதால் அந்தச் செலவு இல்லை. சால்மன், கடல் டிரவுட் பிடிப்பதற்கு மட்டும் உரிமம் கட்டாயம். சில பாலங்களிலும் கடற்படித்துறைகளிலும் நுழைவுக் கட்டணம் உண்டு.

படி 11: முதல் வீச்சும் அதற்குப் பிறகும்

ஈயத்தை மட்டும் கட்டி, முள் இல்லாமல், ஆளில்லாத கரையில் அரைமணி நேரம் வீசிப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் பின்னால் யாரும் இல்லை என்று திரும்பிப் பாருங்கள். ரீலின் பிடிமானத் திருகை முழுவதும் இறுக்கிவிட்டு வீசுங்கள். தளர்ந்திருந்தால் உருளை நழுவி நரம்பு விரலை அறுத்துவிடும். இதற்காகவே பலர் ஆட்காட்டி விரலில் ஒரு தோலுறை அணிகிறார்கள். ஈயம் கோல் நுனியிலிருந்து ஐந்தாறு அடி தொங்கும்படி விட்டு, கடலுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டாக நின்று, மெல்லத் தொடங்கி முடிவில் வேகம் கொடுங்கள். தொடக்கத்திலேயே முழுவேகம் கொடுத்தால் தண்டு வளைய நேரம் இருக்காது.

ஈயம் பாறையில் மாட்டிக்கொண்டால் கோலைத் தூக்கித் தூக்கி இழுக்காதீர்கள். கோலை நரம்பின் திசையிலேயே நேராக நீட்டி, தடித்த துணி சுற்றிய கையில் நரம்பைச் சுற்றிக்கொண்டு பின்னோக்கி நடங்கள். கரையோரம் வந்த மீனைக் கோலால் தூக்கி எடுக்கவும் வேண்டாம். அலை கொண்டுவந்து போடும்போது பின்வாங்கி, மீனைக் கல்லின்மேல் இழுத்துவிட்டுக் கையால் எடுங்கள். செங்குத்தாக உயர்த்திய கோலில் முழு எடையும் நுனியில் இறங்கும்.

வீடு திரும்பியதும் கோலையும் ரீலையும் நல்ல தண்ணீரில், பீய்ச்சி அடிக்காமல், மெல்ல ஊற்றிக் கழுவுங்கள்; அழுத்தமாகப் பீய்ச்சினால் உப்பும் மணலும் ரீலுக்குள்ளேயே போய்ச் சேரும். இணைப்பின் உட்புறத்தைத் துணியால் துடைத்து மெழுகுவத்தியால் ஒரு கோடு தேய்த்துவிட்டால் துண்டுகள் அடுத்த முறை பிரிய அடம்பிடிக்காது. ஈரம் உலரும்வரை உறைக்குள் போடாதீர்கள். கழுவும்போதே வளையங்களை இன்னொரு முறை பஞ்சால் துடைத்துப் பார்த்துவிடுங்கள். கூழாங்கல் கரையில் முக்காலி சரிந்து விழுந்திருந்தால் கீறல் அன்றே தெரிந்துவிடும்.